நவம்பர் 27 மாலை, யாழ்ப்பாணத்தில்: முதன்முறையாகச் சுடரேற்ற வருபவர்களுக்கு

கார்த்திகை பிறந்தால், இறந்துபோன விடுதலைப் புலிகள் இயக்கப் போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் பற்றி எனக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த மருமக்கள் கேட்பார்கள். மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் யாழ். பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகள் கேட்பார்கள். எங்கே போவது, எத்தனை மணிக்கு நிற்பது, என்ன உடுப்பது, பொலிஸ் ஏதும் செய்யுமா, எங்கள் வீட்டில் யாரும் இயக்கத்துக்குப் போகவில்லையே நாங்கள் வரலாமா என்று. வரலாம். ஊரில் இந்த ஒழுங்குகளுக்குச் சில வருடங்களாகக் கைகொடுத்து வருகிறேன். வந்த யாரையும் ஒரு தாயும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். அந்த நாள் பெற்றவர்களுடையது. பேச வருகிற அரசியல்வாதிக்கும், ஒலிபெருக்கி பிடிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கும், கமராவோடு வருகிறவர்களுக்கும் அது இரண்டாம் பட்சம். கீழே எழுதியிருப்பதில் ஏதாவது மறந்துபோனால், பக்கத்தில் நிற்கும் வயதான அம்மாவைப் பாருங்கள். அவ செய்வதைச் செய்யுங்கள். அது பிழைக்காது.

எந்த நாள், ஏன் அந்த நாள்

விடுதலைப் புலிகள் இயக்கத்தில் முதலில் உயிரிழந்தவர் சங்கர் என்ற சத்தியநாதன். வடமராட்சி கம்பர்மலையைச் சேர்ந்தவர். அவர் இறந்த 1982 நவம்பர் 27 தான் பின்னாளில் மாவீரர் நாளாயிற்று. முதன்முதலாக 1989இல் முல்லைத்தீவுக் காட்டுக்குள் அனுட்டித்தார்கள். நவம்பர் 21 முதல் 27 வரை மாவீரர் வாரம் என்று சொல்வார்கள். பெற்றோர் கௌரவிப்பு பெரும்பாலும் இந்த வாரத்துக்குள் ஊர் ஊராக நடக்கும், 27 மாலை சுடரேற்றல்.

சில சொற்கள் புதியவர்களுக்குப் பிடிபடாது. உடலைப் புதைத்தார்கள் என்று சொல்லமாட்டார்கள், விதைத்தார்கள் என்பார்கள். உடல் விதைக்கப்பட்ட இடத்தில் இருந்தது கல்லறை. உடல் கிடைக்காதவர்களுக்கு வைத்தது நினைவுக்கல். இரண்டும் இருந்த இடம் துயிலும் இல்லம். சைவக் குடும்பங்களில் உடலை எரிப்பதே வழக்கம் என்பதால், பிள்ளையை மண்ணுக்குள் வைக்கச் சம்மதித்தது அந்தக் காலத்துத் தாய்மாருக்குச் சின்ன விடயமாக இருக்கவில்லை. பின்னர் அந்தக் கல்லே அவர்களுக்குப் பிள்ளையின் இடமாகிவிட்டது. கல்லும் இல்லாமல் போனபோது அவர்கள் பட்டதை இதை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

எங்கே போவது

யாழ். மாவட்டத்தில் கோப்பாய், கொடிகாமம், எள்ளங்குளம், உடுத்துறை, தீவுப் பக்கத்தில் வேலணைச் சாட்டி ஆகிய இடங்களில் துயிலும் இல்லங்கள் இருந்தன. இருந்தன என்று எழுதக் காரணம் இருக்கிறது. கோப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1995, 96இல் குடாநாடு இராணுவத்திடம் போன பிறகு அது இடிக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்தின் பின் திரும்பக் கட்டினார்கள். போர் முடிந்ததும் மறுபடியும் தரைமட்டமாக்கப்பட்டு, 2011 மார்ச்சில் அதே நிலத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. ஆகவே கோப்பாயில் நினைவேந்தல் என்றால் முகாமுக்கு வெளியேதான். பிள்ளை உள்ளே, தாய் வெளியே. முதன்முறை வருபவர்கள் அந்த இடத்தில் திகைத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். திகைப்பு வந்தால் பேசாமல் நில்லுங்கள். முகாமைப் படம் எடுக்க வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கரைச்சல்.

மற்ற இடங்களில் உடைந்த கற்களைப் பொறுக்கிக் குவித்து, அந்தக் குவியலையே நினைவிடமாக வைத்திருப்பார்கள். எந்தக் கல் யாருடையது என்று தெரியாது. நல்லூரிலும் பல ஊர்களின் பொது மண்டபங்களிலும் பந்தல் போட்டுப் பெயர்களை எழுதி வைப்பதும் உண்டு.

எந்த இடம் என்பதை உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கேளுங்கள். ‘உதயன்’, ‘வலம்புரி’ போன்ற உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். உங்கள் குடும்பத்தில் யாரும் விதைக்கப்பட்டிருந்தால், எந்தத் துயிலும் இல்லம் என்பதை மாமி, பெரியம்மா யாரிடமாவது முதலே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சாட்டிக்கோ உடுத்துறைக்கோ போவதென்றால் திரும்பி வர வாகனம் ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள். இருட்டின பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. ஊரிலிருந்து வான் பிடித்துப் போகும் குடும்பங்களோடு சேர்ந்துகொள்வது நல்லது. வானில் ஒரு இடம் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

சட்டமும் பொலிஸும்

இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். விடுதலைப் புலிகள் இயக்கம் இலங்கையில் தடைசெய்யப்பட்ட அமைப்பு. 1998இல் போட்ட தடை 2002இல் நீங்கி, 2009 ஜனவரியில் திரும்பவும் வந்தது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது. நினைவேந்தலைத் தடுக்க 2020இல் பொலிஸார் நீதிமன்றங்களில் தடையுத்தரவு கேட்டார்கள். 2023இல் மட்டக்களப்பில் கைதுகள் நடந்தன. 2024 நவம்பரில் அரசாங்கம், இறந்த உறவுகளை நினைவுகூரலாம், தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. ஆண்டுக்கு ஆண்டு காற்று மாறும். அந்த ஆண்டு நிலைமை என்ன என்பதை ஒழுங்கு செய்பவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

கொடி, சின்னம், வரிச்சீருடை, தலைவரின் படம் இவற்றைக் கொண்டுவர வேண்டாம். அவை அச்சடித்த சட்டையும் வேண்டாம். நீங்கள் இரண்டு கிழமையில் விமானம் ஏறிவிடுவீர்கள். அடுத்த நாள் விசாரணைக்குக் கூப்பிடப்படுவது பந்தல் போட்ட பெடியனும் அவனுடைய தாயும்தான். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். சிவில் உடையில் சிலர் தொலைபேசியில் எல்லோரையும் படம் எடுப்பார்கள். அவர்களோடு வாய்கொடுக்க வேண்டாம். பெயர் கேட்டால் சொல்லுங்கள், அதற்கு மேல் ஏதும் கேட்டால் ஒழுங்கு செய்பவர்களைக் கூப்பிடுங்கள். நீதிமன்ற உத்தரவு ஒன்றைக் கொண்டுவந்து வாசித்தால் அதை மதித்து விலகுங்கள். சட்டத்தரணிகள் அடுத்த நாள் பார்த்துக்கொள்வார்கள். சுடரை வீட்டு முற்றத்திலும் ஏற்றலாம். எத்தனையோ வருடம் அப்படித்தான், கதவைச் சாத்திக்கொண்டு சாமியறைக்குள் ஏற்றினார்கள்.

படம் எடுப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழுகிற முகத்தை எடுத்து முகநூலில் போடாதீர்கள். விளக்கை எடுங்கள், பூவை எடுங்கள். ஒரு அம்மா தன் பிள்ளையின் படத்தோடு நின்று எடுத்துத் தரச் சொன்னால் எடுத்து, அவவிடமே கொடுங்கள்.

பெற்றோர் கௌரவிப்பு: ஒழுங்கு செய்யக் கைகொடுப்பவர்களுக்கு

27ஆம் திகதி மாலை எல்லோருக்கும் தெரியும். வாரத்தின் நடுவில் ஊரில் நடக்கும் பெற்றோர் கௌரவிப்புத்தான் எனக்குப் பெரிதாகப் படுவது. புதியவர்கள் உண்மையாகப் பயன்படக்கூடிய இடமும் அதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் வேலை பெயர்ப்பட்டியல். போன வருடத்துப் பட்டியலைப் பிரதி எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இடையில் ஒரு தகப்பன் செத்திருப்பார். ஒரு தாய் மகளோடு கொழும்புக்குப் போயிருப்பா. வீடு வீடாகப் போங்கள். அழைப்பைக் கையில் கொடுங்கள், தொலைபேசியில் சொல்லாதீர்கள். ஒரு முறை நேரமில்லை என்று சில வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். வந்த ஒரு ஐயா எதுவும் கேட்கவில்லை. போகும்போது, "பக்கத்து வீட்டுக்கு வந்தனீங்களாம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வீட்டையும் விட்டதில்லை.

வீட்டுக்குப் போனதும் இரண்டு விடயம் கேளுங்கள். எந்தப் பெயரை எழுதுவது? போனவர்களுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, இயக்கப் பெயர் ஒன்று. சில தாய்மார் இயக்கப் பெயரைப் பெருமையாகச் சொல்வார்கள். சிலர், "நான் வைச்ச பேர் கிடக்கு, அதை எழுது மோனை" என்பார்கள். அவர்கள் சொன்னபடி எழுதுங்கள். இரண்டாவது, படம் இருக்கிறதா? பல வீடுகளில் இல்லை. 1995 அக்டோபர் 30 இடப்பெயர்வில் ஒரே இரவில் ஊர் எழும்பிப் போனபோது விட்டுப்போன பெட்டிகளோடு போயின. மிஞ்சியவற்றைச் சுற்றிவளைப்புகளுக்குப் பயந்து தாங்களே எரித்தவர்களும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து ஒரு தலையை மட்டும் வெட்டிப் பெருப்பித்து எடுக்கலாம். பழைய அடையாள அட்டைப் படம் போதும். நகரத்து ஸ்டூடியோக்காரர் செய்து தருவார்கள். சீருடைப் படம் பொது இடத்தில் வேண்டாம் என்பதால் இந்தப் பள்ளிக்கூடப் படங்களே பொருத்தமும்கூட.

கேட்கக் கூடாதது ஒன்று இருக்கிறது. "ஏன் போனவர்?" இந்தக் கேள்வியை எந்த வீட்டிலும் கேட்காதீர்கள். தானாகப் போனவர்கள் உண்டு. பதினைந்து, பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தால் வராமல் போனவர்கள் உண்டு. கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளும் உண்டு. அந்தத் தாய்க்குப் பிள்ளையை அழைத்துப் போனவர்கள் மேலும் கோபம் இருக்கலாம், கொன்றவர்கள் மேலும் கோபம் இருக்கலாம். அவவாகச் சொன்னால் கேளுங்கள். திருத்தாதீர்கள்.

இன்னும் கவனமாக இருக்க வேண்டியது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடு. 2009 மே மாதம் இராணுவத்திடம் கையளித்த பிள்ளை வருமென்று காத்திருக்கும் தாய் இறந்தவர் பட்டியலில் பெயர் எழுத விடமாட்டா. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர்போராட்டத்தில் இருந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு அழைப்புக் கொடுங்கள், ஆனால் விளக்கு ஏற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வந்து பின்வரிசையில் இருந்துவிட்டுப் போவா. அதுவும் போதும்.

நாள் அன்று, மூன்று மணிக்குத் தொடங்குங்கள். கார்த்திகை மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் இறங்கும், வயதானவர்கள் இருட்டுமுன் வீடு போக வேண்டும். கதிரைகள் போதுமா என்று எண்ணிப் பாருங்கள். பேச்சு ஒன்று போதும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வந்திருக்கும் பெற்றோரில் ஒருவர் பொதுச்சுடரை ஏற்றுவார். வயதில் மூத்தவரை, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பறிகொடுத்தவரைக் கேட்பது வழக்கம். பிறகு அகவணக்கம், தலைகுனிந்து மௌனமாக நிற்பது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து பூ வைப்பார்கள். இந்த இடத்தில் அவசரப்படுத்தாதீர்கள். படத்தின் கண்ணாடியைச் சேலைத்தலைப்பால் துடைப்பார்கள், ஏதோ பேசுவார்கள், நகரமாட்டார்கள். வரிசை காத்திருக்கட்டும்.

கௌரவிப்பு என்றால் பொன்னாடையும் பதக்கமும் அல்ல. ஒரு மரக்கன்று கொடுப்பார்கள். மா, பலா, தேசி என்றும் கொடுப்பதுண்டு, பெரும்பாலும் தென்னம்பிள்ளை. பிறகு தேத்தண்ணியும் வடையும். கன்றை அவர்களே தூக்கிக்கொண்டு போகும்படி விட்டுவிடாதீர்கள். எழுபது வயதுக்காரி குடையும் கன்றுமாக எப்படி நடப்பது? ஆளுக்கு நாலு வீடு என்று பிரித்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுங்கள்.

முன்னாள் போராளிகள்

இறந்தவர்களின் கூட்டத்தில் உயிரோடு வந்தவர்களும் நிற்பார்கள். போர் முடிந்தபின் சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் பக்கத்தில் நிற்கலாம். நீங்களாக அடையாளம் காட்டாதீர்கள். "இவர் முந்தி இயக்கத்திலை இருந்தவர்" என்று ஒலிபெருக்கியில் அறிமுகம் செய்து மரியாதை செய்வதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கிழமை அவர் வீட்டு வாசலுக்கு யாராவது வந்து நிற்பதற்கு அது போதும். பெண்களுக்கு இது இன்னும் பாரம். கலியாணம் பேசும்போதும் வேலை கேட்கும்போதும் பழைய கதையை மறைத்து வாழ்பவர்கள் அவர்கள்.

அவர்களுக்குச் செய்யக்கூடியது வேறு. செயற்கைக் காலோடு சேற்றுக்குள் நடப்பது கடினம். வாசலிலிருந்து நினைவிடம் வரை பலகையோ பழைய தகரமோ போட்டு ஒரு நடைபாதை செய்யுங்கள். ஓரமாக நாலு கதிரை வையுங்கள். அகவணக்கத்துக்கு எழும்ப முடியாதவர் இருந்தபடியே செய்யட்டும். யாரும் தூக்கிவிட ஓட வேண்டாம். கண் பார்வை போனவர் வந்தால், தோளில் கை வைக்கக் கொடுத்து, எத்தனை அடியில் விளக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள். தீக்குச்சியை அவரே கிழிப்பார்.

27 மாலை

உடுப்பு எளிமையாக இருக்கட்டும். பையில் போட வேண்டியவை: இரண்டு மூன்று மண் சுட்டி (சின்ன அகல்விளக்கு), திரி, சின்னப் போத்தலில் தேங்காய் எண்ணெய், சொப்பிங் பையில் இறுகச் சுற்றிய தீப்பெட்டி, கொஞ்சம் கற்பூரம், குடை, துவாய். கத்தோலிக்கக் குடும்பங்கள் மெழுகுதிரி கொண்டுவருவார்கள். எதுவானாலும் சுடர் சுடர்தான்.

பூ என்றால் எல்லோருக்கும் கார்த்திகைப் பூ நினைவுக்கு வரும். இந்த மாதத்தில் வேலியிலும் பற்றையிலும் மஞ்சளும் சிவப்புமாக நெருப்புப்போல் பூத்திருக்கும். அழகுக்கு மயங்கி ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அந்தச் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் கடும் நஞ்சு. பூவை மட்டும் காம்போடு ஒடியுங்கள், கொடியை இழுத்துப் பிடுங்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், கையைக் கழுவிவிட்டு வடையைத் தொடுங்கள். இயக்கம் அதைத் தன் அடையாளப் பூவாக ஏற்றிருந்ததால் சில வருடம் அதற்கும் கேள்வி வரும். ஒழுங்கு செய்பவர்கள் வேண்டாம் என்றால் செவ்வந்தியோ செவ்வரத்தையோ கொண்டுவாருங்கள்.

ஐந்து மணிக்குள் வந்துவிடுங்கள். குடும்பங்கள் தங்களுக்கென்று ஒரு இடம் பிடித்து, மண்ணைத் தட்டிச் சமப்படுத்தி, வாழையிலையோ துணியோ விரித்துப் படத்தை வைப்பார்கள். உங்களுக்கு உரியவர் அங்கே இல்லையென்றால் பின்னால் நில்லுங்கள். தனியாக ஒரு அம்மாவோ ஐயாவோ நின்றால் பக்கத்தில் போய், "அம்மா, உதவிக்கு நிக்கட்டோ?" என்று கேளுங்கள். நான் முதன்முதலாகச் சுடரேற்றியது அப்படித்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அல்ல, முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் மகளுக்கு. மழை தூறிக்கொண்டிருந்தது. அவவுக்குக் கை நடுங்கியது, நான்கு குச்சி வீணாய்ப் போயிற்று. என்னிடம் தந்துவிட்டுச் சொன்னா: "திரியைக் கொஞ்சம் வெளியாலை இழுத்துவிடு மோனை, இல்லாட்டி நூந்துபோகும். அவளுக்கு இருட்டெண்டால் பயம்."

மழைக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரிய பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பக்கத்தை வெட்டி எடுத்து, மூடியைக் கழற்றிவிட்டு, சுட்டியின் மேல் கூடுபோல் கவிழ்த்து வையுங்கள். வாய் வழியாகப் புகை போகும், கீழே ஒரு ஓரத்தில் சின்னக் கல்லை வைத்தால் காற்று வரும். பிளாஸ்டிக் சுடரில் படாதபடி போத்தல் அகலமாக இருக்க வேண்டும். கிட்டவே ஆள் நிற்க வேண்டும். திரி நுனியில் ஒரு துண்டு கற்பூரம் வைத்தால் ஈரத்திலும் பற்றும். 2024இல் குடாநாடு வெள்ளக்காடாகக் கிடந்த அந்தக் கிழமையிலும் சனம் முழங்கால் தண்ணீருக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

6.05க்கு மணி ஒலிக்கும். பொழுதுபட்டு, முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற நேரம். செருப்பைக் கழற்றிவிடுங்கள், குடையை மடக்கக்கூடியவர்கள் மடக்குங்கள். 6.06க்கு அகவணக்கம்: ஒரு நிமிடம் தலைகுனிந்து நிற்பது. தொலைபேசியை முதலே நிறுத்திவையுங்கள். 6.07க்குப் பொதுச்சுடர். அது ஏறின பிறகுதான் மற்றவர்கள் தங்கள் சுட்டியை ஏற்ற வேண்டும், முந்திக்கொள்ளாதீர்கள். பாடல் ஒலித்து முடியும்வரை எல்லோரும் நிற்பார்கள்.

அதன் பிறகு வருவதற்கு நேரம் குறிக்க முடியாது. ஒரு பக்கம் ஒப்பாரி எழும்பும். இன்னொரு பக்கம் ஒரு தகப்பன் ஒரு சொல்லும் இல்லாமல் குந்தியிருப்பார். மகன் விரும்பிச் சாப்பிட்ட ரொபியையோ பனங்காய்ப் பணியாரத்தையோ கொண்டுவந்து படத்துக்கு முன் வைப்பார்கள். இறந்த திகதி தெரியாததால் திவசம் செய்ய முடியாத குடும்பங்களுக்கு இந்த நாள்தான் திதி. ஆறுதல் சொல்ல வேண்டுமென்று நினைக்காதீர்கள். தேத்தண்ணி இருந்தால் ஒரு கோப்பை கொடுங்கள். அடுத்த விளக்கு நூர்ந்தால் பற்றவையுங்கள்.

மற்ற நாட்கள், மற்றப் பிள்ளைகள்

27ஐ மட்டும் தெரிந்துகொண்டு போனால் யாழ்ப்பாணத்தின் துக்கத்தில் பாதிதான் தெரியும். ஜூன் 5இல் உரும்பிராயில் தொடக்ககாலப் போராளி பொன். சிவகுமாரனின் சிலைக்கு மாலை போடுவார்கள். அவர் இறந்தது 1974இல். செப்டம்பர் 15 முதல் 26 வரை நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபனின் நினைவு. 1987இல் அவர் நீரும் அருந்தாமல் பன்னிரண்டு நாள் நோன்பிருந்து இறந்த காலம். மே 18, போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களின் நினைவு. அதற்கு முந்தைய கிழமையிலேயே சந்திகளில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள், கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள். பல்கலைக்கழக வளாகத்துள் இருக்கும் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டு, மாணவர் போராட்டத்தின் பின் அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது.

மற்ற இயக்கங்களின் பிள்ளைகளும் இந்த மண்ணின் பிள்ளைகள்தான். ரெலோ மே 6இல் தன் தலைவர் ஸ்ரீசபாரத்தினத்தை நினைவுகூரும். ஈபிஆர்எல்எஃப் ஜூன் 19இல் தியாகிகள் தினம் வைக்கும். புளொட்டுக்கு ஜூலை 13 முதல் 16 வரை வீரமக்கள் தினம். 1986இல் இயக்கம் இயக்கத்தைச் சுட்டபோது செத்த பெடியன்களின் தாய்மார் நெடுங்காலம் சத்தமாக அழவும் முடியாமல் இருந்தார்கள். ஒரே வீட்டுச் சுவரில், வேறு வேறு இயக்கத்தில் இருந்து இறந்த அண்ணன் தம்பி இருவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே மாலை. அந்த வீட்டில் போய் எது சரி எது பிழை என்று விவாதம் தொடங்காதீர்கள்.

ஆனையிறவில் இராணுவத்தின் நினைவிடத்தையும் பலாலியில் இந்தியப் படையினருக்கான நினைவுத்தூபியையும் காண்பீர்கள். தெற்கிலிருந்து வரும் பெற்றோர் பஸ்ஸால் இறங்கி ஆனையிறவில் நிற்பார்கள். அங்கே நின்றாலும் குரலைத் தாழ்த்துங்கள்.

திரும்பிப் போகுமுன்

சுட்டிகளை அன்றிரவே எடுக்க வேண்டாம், தானாக எரிந்து முடியட்டும். அடுத்த நாள் காலை துப்புரவாக்க ஆள் தேவைப்படும். அதற்கு வருகிறவர்கள் எப்போதும் குறைவு. படம் வைத்த துணி, வாடிய பூ, வெட்டிய போத்தல், எல்லாம் பொறுக்க வேண்டும். பூவைக் காலில் மிதிபடாத இடத்தில் குழிவெட்டிப் போடுங்கள், கார்த்திகைப் பூ கிடப்பதால் மாடு ஆடு தின்னாமல் மூடிவிடுங்கள். யாராவது படத்தை மறந்துவிட்டுப் போயிருந்தால் சனசமூக நிலையத்தில் கொடுங்கள்.

தென்னம்பிள்ளைகள் இருக்கின்றன அல்லவா? கொடுத்த வீடுகளில் பல, நடுவதற்கு ஆள் இல்லாத வீடுகள். மழை நிற்குமுன் போய் மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டையை அடுக்கி, மேல்மண்ணும் எருவும் போட்டு நட்டுக் கொடுங்கள். ஆடு கடிக்காமல் சுற்றி ஒரு கூடு அடையுங்கள். மாசி கழிந்து வெயில் ஏறும்போது ஊரில் இருப்பவர்கள் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். கிணற்றடியிலிருந்து வாளி தூக்க அந்த அம்மாவால் முடியாமல் இருக்கும். கிழமைக்கு இரண்டு தரம், வாளிக்கணக்கில் ஊற்ற வேண்டும்.